மாட்டு டாக்டருக்குப் படித்தவள் எலிக்கூண்டுக்குப் போகலாமா?

ஆற்றங்கரை (சேரன்மகாதேவி), திங்கள் இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா மகள் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். நாலரை வருடப் பாடம் முடிந்து, கடைசி ஒரு வருடப் பயிற்சியில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் போட்ட கணக்கு இது: அரசு உதவி மருத்துவர் தேர்வு எழுதுவாள், அம்பை பக்கமோ கடையம் பக்கமோ ஒரு மருந்தகத்தில் உட்காருவாள், சாயங்காலம் வீடு வந்து சேருவாள். அவள் கணக்கு வேறு. மேற்படிப்புக்கு ஆய்வக விலங்கு மருத்துவம் எடுக்கப் போகிறாளாம். மனிதர்களுக்கான மருந்தும் தடுப்பூசியும் ஆராயும் இடங்களில் எலி, முயல், குதிரை இவற்றைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர்.

நேற்று சாப்பிடும்போது அக்கா கேட்டாள்: "எலிக்கு ஊசி போடவாட்டி அஞ்சரை வருசம் படிச்ச?" அவள் பதிலே சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டுத் தொழுவுக்குப் போய், தாய் இல்லாத வெள்ளாட்டங்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காட்சிதான் என்னை உறுத்துகிறது. காக்கை கொத்திய அணிலைக்கூட மடியில் வைத்துத் தூங்கின பிள்ளை. நாளைக்கு ஒரு கூண்டைத் திறந்து, இன்றைக்கு இத்தனை எலி என்று எண்ணி எடுக்க இவளால் முடியுமா? இந்தத் துறையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சுக்குக்காப்பி (பேட்டை), திங்கள் இரவு 9.31

இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணாச்சி? கவர்மென்ட் வேலை, சொந்த ஊர், வீட்டுச் சோறு. எலி எங்க வீட்டிலேயே இருக்கு, வேணும்னா வந்து ஆராயச் சொல்லுங்க.

கிடைக்காரன் (மானூர்), திங்கள் இரவு 10.05

மேலே சொன்னவர் விளையாட்டாகச் சொன்னாலும் பாதி சரி. நான் ஆடு வைத்திருக்கிறேன். கீழக்கரிசல் செம்மறி நூற்றுச்சொச்சம், கன்னி ஆடு ஒரு பதினைந்து. ஐப்பசி மழை இறங்கினால் எங்களுக்குப் பயம் பிடித்துவிடும். கொசுவிலும் சின்னதாக ஒரு பூச்சி, கண்ணுக்கே தெரியாது, அது கடித்து வருவது நீலநாக்கு நோய். உதடு வீங்கும், மூக்கில் சளி ஒழுகும், நாக்கு கத்தரிக்காய் நிறத்துக்குப் போகும், குளம்புக்கு மேலே சிவந்து ஆடு முழங்காலில் நடக்கும். மூன்று நாள் தின்னவில்லை என்றால் கிடையில் கயிற்றோடு கிடக்கும்.

அந்த நேரத்தில் ஞாயிற்றுக்கிழமை டாக்டர் தேடிப் பாருங்கள். படிக்கிற பிள்ளைகளில் பாதி சென்னை, பெங்களூரில் நாய் பூனை பார்க்கப் போய்விடுகிறது. மிச்சம் உள்ளதும் எலி பார்க்கப் போனால் எங்கள் ஆட்டை யார் பார்ப்பது? நான் அந்தப் பாப்பாவைக் குறை சொல்லவில்லை. கேட்கத் தோன்றியது, கேட்டேன்.

பழைய ஊசி (பாளையங்கோட்டை), செவ்வாய் காலை 6.20

ஆற்றங்கரைக்கு: நான் இந்த இரண்டு வேலையும் பார்த்தவன். ஓய்வு பெற்று வெகுநாளாயிற்று. நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் காப்பி குடித்ததும் வேறு வேலை கிடையாது.

1985, தைப்பொங்கல் கழிந்த வாரம். நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு மருந்தகத்தில் எனக்கு முதல் வேலை. ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். பசு ஒன்று தீனி எடுக்காமல் வாய் வடித்துக்கொண்டு நிற்கிறது. "பனங்கிழங்கு தொண்டையில சிக்கிட்டு சார், நேத்துல இருந்து கத்தக்கூட மாட்டேங்கு" என்றார் வீட்டுக்காரர். முற்றத்தில் கிழங்குத் தோல் குவிந்து கிடந்தது. நம்பினேன். சட்டைக்கையை மடித்துவிட்டு, இடது கையால் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினேன். கிழங்கும் இல்லை, மண்ணும் இல்லை. மாடு திமிறவும் இல்லை. ஒரு பசு வாய்க்குள் கைவிட்டால் திமிறாமல் நிற்குமா? அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தொண்டை செத்துப்போயிருந்தது. கையை வெளியே எடுத்தபோது கடைவாய்ப்பல் கிழித்த கீறல் இரண்டு.

மூன்றாம் நாள் பசு செத்தது. தலையை அறுத்து, மூளைத்துண்டை கிளிசரின் சலைனில் போட்டு அனுப்பினேன். வந்த தாளில், நெக்ரி திட்டுகள் உண்டு என்று எழுதியிருந்தது. வெறிநாய்க்கடி நோய். ஒரு மாதத்துக்கு முன்னால் தெருநாய் ஒன்று அந்தத் தொழுவில் புகுந்ததை அந்த வீட்டுக் கிழவி அப்புறம்தான் சொன்னாள்.

எனக்குத் தொப்புளைச் சுற்றி 14 நாள், 14 ஊசி. இப்போது கையில் நாலைந்து ஊசி போட்டு அனுப்புகிறார்களே, அது இல்லை. அந்த மருந்து செம்மறி ஆட்டின் மூளையில் செய்தது. உயிருள்ள ஆட்டின் மூளையில் கிருமியை ஏற்றி, அது நோய்ப்பட்டதும் மூளையை எடுத்து அரைத்து, கிருமியைக் கொன்று குப்பியில் அடைப்பார்கள். போட்டவர்களில் சிலருக்கு அந்த மூளைச்சதையே ஒவ்வாமல் கைகால் விழுந்துபோவதும் உண்டு. ஆகவே ஊசி போட்ட ஒவ்வொரு காலையும் எழுந்தவுடன் கால்விரலை ஆட்டிப் பார்த்துக்கொள்வேன். ஆடுகிறதா, சரி, இன்றைக்கு வேலைக்குப் போகலாம்.

பத்தாம் ஊசியோ பதினோராம் ஊசியோ போடும்போது ஒரு யோசனை வந்தது. நான் பகலெல்லாம் ஆட்டைப் பிழைக்க வைக்கிறேன், சாயங்காலம் ஆட்டு மூளையால் பிழைத்துக் கிடக்கிறேன். இதற்கு வேறு வழியே கிடையாதா? அந்த எரிச்சலில்தான் மேற்படிப்புக்கு மனுப் போட்டேன். லட்சியம் கிட்சியம் ஒன்றும் இல்லை.

வழி ஏற்கெனவே இருந்தது. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து 1962 இல் ஜப்பானில் எடுத்த செல், இன்னும் கண்ணாடிக் குடுவையில் பெருகிக்கொண்டே இருக்கிறது. வீரோ செல் என்பார்கள். அதில் கிருமியை வளர்த்தால் ஆடு வேண்டாம். அதை நம் நாட்டுக்குக் கட்டுப்படியாகும்படி செய்து, ஒவ்வொரு தொகுதியும் பாதுகாப்பானதா, வீரியம் உள்ளதா என்று பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த கூட்டத்தில் நானும் ஒரு கடைக்கோடி ஆள். 2004 இறுதியோடு இந்தியாவில் ஆட்டுமூளை ஊசி தயாரிப்பது நின்றது. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். எதற்கு என்று வீட்டுக்காரிக்குப் புரியவில்லை.

ஆற்றங்கரை, உங்கள் அக்காவின் தோளில் பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பு இருக்கிறதா பாருங்கள். அந்தப் பெயரில் உள்ள கடைசி எழுத்து கெரேன் என்கிற பிரெஞ்சுக்காரர். அவர் மாட்டு டாக்டர். கல்மெட் என்ற மனித டாக்டரோடு சேர்ந்து, பசுவின் காசநோய்க் கிருமியை மாட்டுப் பித்தநீரில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்து, அடுத்த துண்டுக்கு மாற்றி, மறுபடியும் மாற்றி, 1908 தொடங்கி 13 வருடம், 230 தடவை. அதற்குள் கிருமி நோய் உண்டாக்குவதையே மறந்துபோயிற்று. 1921 இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். இதை அக்காவிடம் சொல்லுங்கள். எலிக்கு ஊசி போடுகிறவன்தான் அவளுக்கும் போட்டிருக்கிறான்.

ஆற்றங்கரை, செவ்வாய் காலை 8.45

ஐயா, அக்காவிடம் படித்துக் காட்டினேன். தோளைப் பார்த்துக்கொண்டாள். "அது சரி, அந்த வெள்ளைக்காரனுக்குக் கல்யாணம் ஆச்சாமா?" என்று கேட்டாள். அவள் கவலை அங்கே நிற்கிறது.

ஹைகிரவுண்ட்காரி, செவ்வாய் மதியம் 2.15

நான் செவிலி, ஊர் பெயர் வேண்டாம். அறுவடைக் காலத்தில் எங்கள் வார்டுக்குப் பாம்புக்கடி வராத வாரம் கிடையாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை விரியன், நாலுக்கும் ஒரே மருந்து. வெள்ளைப் பொடியாக இருக்கும், 10 மில்லி தண்ணீர் விட்டு நுரைக்காமல் மெதுவாக உருட்டிக் கரைப்போம். குலுக்கினால் திட்டு விழும். விஷம் ஏறிய ஆளுக்கு எடுத்த எடுப்பில் 10 குப்பி.

அந்தப் பொடி குதிரை ரத்தத்திலிருந்து வருகிறது என்று படிக்கும்போது தெரியும், ஆனால் ஒரு நாளும் குதிரையை நினைத்ததில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றி மாதக்கணக்கில் பழக்கிய குதிரை. அதன் எடை, காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்திருக்கிறதா, இந்த முறை ரத்தம் எடுக்கலாமா, ஓய்வு கொடுக்கவேண்டுமா என்று பார்க்க ஒருவர் வேண்டுமல்லவா? அவர் பார்க்கவில்லை என்றால் எங்கள் வார்டில் குப்பி இருக்காது. அந்தப் பெண்ணைப் போகவிடுங்கள் அண்ணாச்சி.

உயிரிரக்கம் (வள்ளியூர்), செவ்வாய் இரவு 8.50

எல்லாரும் மாற்றி மாற்றிப் பாராட்டுகிறீர்கள். ஒருவராவது கூண்டுக்குள் இருப்பதன் பக்கம் நின்று பேசினீர்களா? மனிதனுக்கு நோய் வந்தால் எலி ஏன் சாகவேண்டும்? முகப்பூச்சுக்கு முயல் கண்ணில் மருந்து விட்ட கூட்டம்தானே இது. "டாக்டர் பார்த்துக்கொள்கிறார்" என்பது கசாப்புக்கடைக்காரர் தண்ணீர் காட்டுவது போலத்தான். புட்டிப்பால் கொடுக்கிற பிள்ளை இதற்குப் போகக்கூடாது என்பதே என் கருத்து.

பழைய ஊசி, புதன் காலை 6.05

உயிரிரக்கம் கேட்பது நியாயமான கேள்வி. முப்பது வருடம் என்னை நானே கேட்டதுதான். முகப்பூச்சு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்: அழகுசாதனப் பொருளை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா 2014 இலேயே தடை செய்துவிட்டது. அப்படிச் சோதித்த பொருளை இறக்குமதி செய்யவும் தடை. மருந்துக்கும் விலங்கு இல்லாத முறைகளை ஏற்கலாம் என்று 2023 இல் விதியைத் திருத்தினார்கள்.

மற்றபடி, எலி சாகிறது. ஆமாம். நான் பார்த்துக்கொண்ட எலிகளில் பெரும்பாலானவை என் பொறுப்பிலேயே செத்தன. அதை மெழுகிச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

அந்தக் கட்டடத்துக்குள் எலிக்காக வாதாடச் சம்பளம் வாங்குகிறவன் ஒருவன்தான், அது கால்நடை டாக்டர். 1960 ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம், அதன் கீழ் 1998 இல் வந்த விதிகள், இவற்றின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு இருக்கவேண்டும். அதில் கால்நடை டாக்டர் உட்காரவேண்டும், அறிவியலுக்குச் சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவரும் வேண்டும். பெரிய பேராசிரியர் அறுபது எலி வேண்டும் என்று எழுதுவார். "நாற்பதில் தெரியாதது அறுபதில் என்ன தெரியும்?" என்று கேட்டுத் தாளைத் திருப்பி அனுப்புவேன். அப்புறம் தாழ்வாரத்தில் எதிரே வந்தால் முகம் கொடுக்கமாட்டார். பரவாயில்லை, இருபது எலி மிச்சம்.

எலியைத் தூக்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தது வாலின் அடியைப் பிடித்துத் தூக்குவது. இருபது வருடம் அப்படித்தான் செய்தேன். 2010 இல் லிவர்பூலில் இரண்டு பெண்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள்: வாலைப் பிடித்தால் எலி பதறிக் கையை விட்டு ஒதுங்குகிறது, குழாய்க்குள் தானாக ஏறவிட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்தால் அந்தப் பதற்றம் வெகுவாகக் குறைகிறது. படித்த அன்றே வயரிங் குழாய் ஒன்றைச் சாண் நீளத்துக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்துக் கூண்டில் போட்டேன். இரண்டு நாள் மோந்து பார்த்தது. மூன்றாம் நாள் கூண்டைத் திறந்ததும் அதுவே குழாய்க்குள் போய் உட்கார்ந்து மூக்கை வெளியே நீட்டியது. பஸ் பிடித்து உட்கார்ந்த கிழவி மாதிரி. இருபது வருடமாக எத்தனை ஆயிரத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறேன் என்று அன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன்.

அதே வருடம் கனடாவில் எலியின் முகத்தில் வலி எப்படித் தெரியும் என்று படத்தோடு அளவுகோல் போட்டார்கள். கண் இடுங்கும், மூக்குமேடு தடிக்கும், காது பின்னால் சரியும். நமக்கு ஆட்டைப் பார்த்ததும் தெரியுமே, அந்தப் பார்வைதான், தாளில் ஏற்றியிருக்கிறார்கள். தாளில் ஏறினால்தான் பேராசிரியர் நம்புவார். வலிமருந்து கேட்க எனக்கு ஒரு ஆதாரம் கிடைத்தது.

இன்னொன்று, இது சிரிப்புக்கு. 2014 இல் அதே கூட்டம் கண்டுபிடித்தது: ஆண்பிள்ளை வாடை பட்டாலே எலிக்குப் படபடப்பு ஏறுகிறது, பெண்கள் பக்கத்தில் இருந்தால் அவ்வளவு இல்லை. ஆற்றங்கரை அக்காவிடம் இதையும் சொல்லுங்கள்.

சிரிக்கமுடியாததும் உண்டு. நான் இருந்த ஒரு இடத்தில் வெள்ளி இரவு ஏசி நின்றுபோயிற்று. எச்சரிக்கை மணி விடிய விடிய அடித்திருக்கிறது. அது எதற்கான மணி என்று புதுக் காவலாளிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டியவன் நான். சனிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த சூடு இன்னும் நினைவில் இருக்கிறது. நாற்பது கூண்டு. எந்த ஆராய்ச்சிக்கும் உதவாத சாவு. அதற்கப்புறம் மணிக்குப் பக்கத்தில் என் வீட்டு எண்ணைப் பெயின்டில் எழுதிவைத்தேன், தமிழிலும் இந்தியிலும்.

உயிரிரக்கம், புதன் காலை 9.40

நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் மனம் ஒப்பவில்லை. நீங்கள் இருந்தும் எலி செத்திருக்கிறது.

பழைய ஊசி, புதன் காலை 9.52

ஒப்பவேண்டாம். நெறிமுறைக் குழுவில் வெளியாள் ஒருவர் வேண்டும் என்றேனே, உங்களைப் போன்ற ஆள் உட்கார்ந்தால் நல்லது. நான் பார்த்தவர்களில் பாதிப்பேர் பிஸ்கட்டுக்கு வந்தவர்கள்.

சுக்குக்காப்பி, புதன் மதியம் 1.10

காசு விஷயத்தை யாரும் பேசவில்லையே. படித்து வந்தால் வேலை எங்கே, சம்பளம் எப்படி?

தொழுவத்துப் பிள்ளை (ராமையன்பட்டி), புதன் இரவு 10.30

நான்தான் அந்த அக்கா மகள். மாமா இழை போட்டிருக்கிறார் என்று என் ரூம்மேட் சொல்லித்தான் தெரியும். மாமா, உங்களிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

சுக்குக்காப்பி அண்ணனுக்கு: மேற்படிப்பு இரண்டு வருடம். எங்கள் பல்கலைக்கழகத்திலேயே மாதவரத்தில் இந்தத் துறை இருக்கிறது, அகில இந்திய நுழைவுத்தேர்வு எழுதினால் வெளிமாநிலத்துக்கும் போகலாம். வேலை பெரும்பாலும் ஹைதராபாத், பெங்களூரு. தடுப்பூசிக் கம்பெனிகள், மருந்து சோதிக்கும் ஆய்வகங்கள், அரசு ஆராய்ச்சி நிலையங்கள். திருநெல்வேலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை இல்லை, அதை அம்மாவிடம் மறைக்கவில்லை.

பழைய ஊசி ஐயா, நீங்கள் பசு வாயில் கைவிட்ட கதையை எங்களுக்கு முதல் மாதமே சொல்லிவிடுகிறார்கள், யாருடைய கதை என்றுதான் சொல்லமாட்டார்கள்! வாய் வடிக்கிற மாடு என்றால் முதலில் கையுறை, அப்புறம்தான் மற்றது. நாங்கள் எல்லாரும் முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்டோம்.

உயிரிரக்கம் அவர்களே, என்னால் முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. போன மாதம் மேலப்பாளையம் சந்தைக்குப் போனோம். செவ்வாய்க்கிழமைக் கூட்டம். கொடி ஆடு ஒன்று, வெள்ளையில் கறுப்புத் திட்டு விழுந்த கரும்போரை, லாரி ஏற்றும் இடத்திலேயே குட்டி போட முக்கிக்கொண்டிருந்தது. ஒரு கால் மட்டும் வெளியே. உள்ளே கைவிட்டால் இரண்டு குட்டி, ஒன்றின் தலையும் மற்றதன் காலும் ஒரே வாசலில் மல்லுக்கட்டுகின்றன. ஒன்றை உள்ளே தள்ளி, இன்னொன்றின் முழங்காலை மடக்கிச் சரிசெய்து எடுக்க இருபது நிமிடம். இரண்டும் பிழைத்தன. தாயை அரைமணியில் விலைபேசி அதே லாரியில் ஏற்றிவிட்டார்கள், எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். குட்டிகளில் ஒன்றைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், மாமா பார்த்த அந்தப் புட்டிப்பால் குட்டி. மருந்தகத்தில் இருந்தாலும் சாவைத் தாண்டிப் போய்விடமுடியாது என்று அன்றைக்குத் தெரிந்தது. எலிக்கூண்டில் எனக்கு எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்தால்தான் சொல்லமுடியும். முடியவில்லை என்றால் திரும்பி வருவேன். அம்பையில் மருந்தகம் எங்கேயும் போய்விடாது.

பீட்டர் டொஹெர்ட்டி என்று ஒரு ஆஸ்திரேலியர், கால்நடை டாக்டர். செம்மறி ஆட்டின் மூளைக்காய்ச்சலில் ஆராய்ச்சியைத் தொடங்கி, அப்புறம் எலிக்கு வந்து, கிருமி புகுந்த செல்லை நம் உடம்பு எப்படி அடையாளம் காண்கிறது என்று கண்டுபிடித்து 1996 இல் நோபல் வாங்கினார். அவர் பெயரை அம்மாவிடம் சொன்னேன். "அவுக வீட்ல தங்கச்சி இருந்தாளா, அவளுக்கு யாரு மாப்பிள பாத்தா?" என்றாள். எனக்குத் தங்கை உண்டு, அதனால் அந்தக் கேள்வி.

பழைய ஊசி, வியாழன் காலை 6.15

பிள்ளை, வாழ்க. ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே போனபின் எலிக்குப் பெயர் வைக்காதே என்று சீனியர்கள் சொல்வார்கள். நான் வைத்தேன். கேட்காதே, எல்லாம் நம்ம ஊர் ஸ்டேஷன் பெயர்கள். கல்லிடைக்குறிச்சி இரண்டு வருடம் முழுசாக இருந்தது.

கிடைக்காரன், சனி இரவு 8.20

இழைக்குச் சம்பந்தம் உண்டா இல்லையா தெரியவில்லை. பாப்பா பார்த்தால் பதில் போடவும். மழை விட்டு நாலு நாள் ஆகிறது. கிடையில் மூன்று ஆடு நேற்றிலிருந்து கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறது, உதடு வீக்கம், மூக்கில் ஒழுகுகிறது. ஒன்று நொண்டுகிறது. தடுப்பூசி மூன்று மாதம் முன்னால் பாதி ஆட்டுக்குத்தான் போட்டேன். இந்த மூன்றும் போடாத பாதி.

தொழுவத்துப் பிள்ளை, சனி இரவு 8.34

அண்ணாச்சி, மூன்றையும் வெயில் படாத இடத்தில் தனியாகக் கட்டுங்கள். முள்ளும் சரகும் கொடுக்காதீர்கள், கம்பங்கூழ் தண்ணியாகக் கரைத்து ஊற்றுங்கள், புரை ஏறாமல் மெதுவாக. வாய்ப்புண்ணில் போரிக் கிளிசரின் தடவலாம். ஆட்டுக்கு ஆடு தொட்டு ஒட்டாது, பூச்சிதான் கொண்டுபோகும், அதனால் அந்தியில் கிடையைச் சுற்றி வேப்பிலைப் புகை போடுங்கள், ஈரமான பள்ளத்தில் மறிக்கவேண்டாம்.

எங்கள் சாரிடம் இப்போதுதான் பேசினேன். நாளை ஞாயிறு என்றாலும் காலை ஏழு மணிக்கு வண்டியில் நாங்கள் மூன்று பேர் வருகிறோம். மூன்று ஆட்டிலும் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். இந்தக் கிருமியில் வகைகள் இருபதுக்கு மேல், தடுப்பூசியில் இருப்பது ஐந்துதான். உங்கள் கிடையில் வந்திருப்பது அந்த ஐந்தில் ஒன்றா, வேறா என்று தெரியவேண்டும். ஐஸ் கொஞ்சம் வாங்கி வைக்கமுடியுமா?

கிடைக்காரன், சனி இரவு 8.41

இந்த நேரத்தில் இங்கே ஐஸ் ஏது. ஜங்ஷன் பக்கமிருந்து வாங்கிட்டு வந்திருங்க. விலக்கில் இறங்கி போன் போடுங்க, பைக்கோடு நிற்கிறேன். இட்லி மூன்று பேருக்கும் சொல்லிவிட்டேன். அந்தப் புட்டிப்பால் குட்டி கிடாயா பெட்டையா?